சனிக்கிழமை மூன்று மணி

'அமெச்சூர்' என்ற சொல் விளையாட்டுத் திடலைக் காட்டிலும் நாடக மேடை வழியாகவே நமக்கு அதிகம் பழக்கமானது. 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தம்மைப் பிழைப்புக்காக மேடையேறும் குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டவே இச்சொல்லைத் தாங்கி நின்றனர். காசு வாங்காமல் நடிப்பவர் கனவான். காசு வாங்கி நடிப்பவர் கூத்தாடி. நடிப்பு ஒன்றுதான். ஆனால் யார் வீட்டில் மறுநாள் உலை வைக்க அந்தக் காசு தேவைப்பட்டது என்பதைப் பொறுத்து மரியாதை வேறுபட்டது.

சொல்லின் வேர் இத்தகையதல்ல. லத்தீனில் 'நேசிப்பவர்' என்ற பொருளில் தோன்றி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. தமிழில் இதற்கு நேரான சொல்லை நாம் இன்னும் ஆக்கிக்கொள்ளவில்லை. 'தொழில்முறை சாராத' என்று எதிர்மறையில் சொல்கிறோம். நேசம் அதில் இல்லை. இதே நேசத்தின் மறுபக்கமாகிய பார்வையாளருக்கோ நம்மிடம் 'ரசிகர்' என்ற அழகான சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் பத்திரிகைகள் ஆங்கிலச் சொல்லை நேராகப் பெயர்த்து 'விசிறி' என்றும் எழுதிவந்தன. வெறியர் என்ற பொருளுடைய சொல்லின் சுருக்கம், நம்மிடம் வந்து காற்று வாங்கும் பொருளாயிற்று.

காசுக்காக அன்றி ஆடுபவரும், ஆட்டத்தை நேசித்துப் பார்ப்பவரும் ஒருவராகவே இருந்த விளையாட்டு கால்பந்து. அவ்விருவரும் எப்படிப் பிரிந்தனர், பிரித்த வேலியை யார் நட்டனர், வேலியைத் தாண்டி மீண்டும் எங்கே சந்தித்தனர் என்பதை இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் பார்க்க விழைகிறோம். கோப்பைகளின் வரலாற்றைவிட இது உழைக்கும் மனிதருக்கு வாரத்தில் கிடைத்த சில மணி நேரத்தின் வரலாறு என்றே சொல்ல வேண்டும்.

*

அரை நாள்

இங்கிலாந்தின் கிராமங்களில் கால்பந்து பழைய விளையாட்டு. ஊரே இரு பிரிவாகி, தெருவையே களமாக்கி முட்டி மோதும் விளையாட்டு. 1835 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையில் கால்பந்து ஆடுவதற்கு அபராதம் விதித்தது. தெரு பறிபோயிற்று. தொழிற்சாலைகள் பெருகப் பெருகப் பொழுதும் பறிபோயிற்று.

அக்காலத்துக் கைவினைஞரிடையே 'புனிதத் திங்கள்' என்றொரு வழக்கம் இருந்தது. எந்தத் தேவாலய நாட்காட்டியிலும் இல்லாத திருநாள் அது. ஞாயிறன்று குடித்த மயக்கம் தெளியாமல் திங்களன்று பட்டறைக்குப் போகாமல் இருப்பதற்குத் தொழிலாளர் தாமே கேலியாகச் சூட்டிக்கொண்ட பெயர். இயந்திரத்தைத் திங்களன்று சும்மா நிறுத்திவைக்க முதலாளிகள் விரும்பவில்லை. சனிக்கிழமை அரை நாள் விடுப்பு என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இந்தப் பேரமும் உண்டு. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளம் தொழிலாளரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலையை ஓட்ட இயலாது என்பதால் ஆண்களுக்கும் நடைமுறையில் அந்த ஓய்வு கிடைத்தது. பின்வந்த பத்தாண்டுகளில் இவ்வழக்கம் பிற தொழில்களுக்கும் மெல்லப் பரவியது.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்ற நேரம் இப்படித்தான் பிறந்தது. நண்பகலிலோ சற்றுப் பின்னரோ சங்கு ஊதும். வீட்டுக்குப் போய்க் கரி படிந்த கையைக் கழுவி, உண்டு, திடலுக்கு நடந்து வர மூன்று மணி ஆகும். ஆட்டம் முடிவதற்கும் குளிர்காலத்துப் பொழுது சாய்வதற்கும் சரியாக இருக்கும். உலகெங்கும் இன்று கோடிகளில் விலைபேசப்படும் ஒரு நேர அட்டவணையின் அடியில் ஆலைச் சங்கின் ஒலி இருக்கிறது.

இந்த ஓய்வு நேரத்தில் தோன்றியவையே இன்றைய பெரும் கழகங்கள் பல. ஆஸ்டன் வில்லா 1874 இல் ஒரு வெஸ்லியன் தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்களால் தொடங்கப்பட்டது. 1878 இல் நியூட்டன் ஹீத்தின் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர் தொடங்கிய அணிதான் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. 1886 இல் வூல்விச் ஆயுதச்சாலையின் பட்டறை ஒன்றில் பிறந்தது ஆர்சனல். 1895 இல் தேம்ஸ் இரும்பாலையில் தோன்றிய அணியின் வழிவந்தது வெஸ்ட் ஹாம். இவர்கள் அனைவரும் வார இறுதி ஆட்டக்காரர்கள். திடலின் ஓரத்தில் நின்று கூவியவர்களும் அதே பட்டறைக்காரர்கள். இந்த வாரம் ஆடியவர் அடுத்த வாரம் கால் சுளுக்கினால் ஓரத்தில் நின்று கூவுவார், அவ்வளவே வேறுபாடு.

*

கனவான்களின் வேலி

விதிகளை வகுத்தவர்கள் வேறு மனிதர்கள். 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஒரு விடுதியில் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவியவர்கள் பெரிய பள்ளிகளில் படித்தவர்களும் அவர்களை ஒத்தவர்களும் ஆவர். 1872 இல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸ் அணியை 1-0 என்று வென்றது. ஒருபுறம் பள்ளித் தோழர்கள், மறுபுறம் ராணுவ அதிகாரிகள். கோப்பை பத்தாண்டுக் காலம் இத்தகையோர் கையிலேயே சுற்றிவந்தது.

1883 மார்ச் 31 அன்று அது கைமாறியது. பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற லங்காஷயர் அணி, பழைய ஈட்டன் மாணவர் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வீழ்த்தியது. வென்ற அணியில் நெசவாளர்களும் ஒரு நூற்பாளரும் குழாய் வேலைக்காரர் ஒருவரும் இருந்தனர். ஆட்டத்துக்கு முன்பு அவர்கள் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்று தங்கிப் பயிற்சி செய்தனர். பயிற்சி செய்து வெல்வது அழகல்ல என்று கருதியோருக்கு இது உறுத்தியது. நெசவாளர் வேலையை விட்டுக் கடற்கரையில் இருந்த நாட்களுக்கு அவர் வீட்டுச் செலவை யார் பார்த்தனர் என்ற கேள்வியும் எழுந்தது.

வேலி முளைத்த இடம் இதுதான். ஆலைத் தொழிலாளி ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போகும். நிலபுலன் உடையவருக்கு எந்த நாளும் கூலி போவதில்லை. 'காசு வாங்காமல் ஆடு' என்ற விதி இருவருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒருவருக்கு அது நற்பண்பு; மற்றவருக்கு அது பட்டினி. சமமாக எழுதப்படும் விதி சமமாக விழுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1884 இல் பிரெஸ்டன் அணி ஆட்டக்காரருக்குக் காசு கொடுப்பதாகப் புகார் வந்தபோது, அதன் மேலாளர் வில்லியம் சடல் அதை ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் அதைத்தான் செய்கிறார்கள் என்றார். பிரெஸ்டன் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடபகுதிக் கழகங்கள் பல சேர்ந்து தனிச் சங்கம் காண்போம் என்று அச்சுறுத்தின. 1885 ஜூலையில் காசுக்கு ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் 12 கழகங்களுடன் லீக் போட்டி தொடங்கியது. முதல் லீக்கை ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது நீக்கப்பட்ட அதே பிரெஸ்டன்தான்.

கிரிக்கெட் அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்வேலி புதிதன்று. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை 'ஜென்டில்மென்', 'பிளேயர்ஸ்' என்ற பிரிவு இருந்தது. கனவானின் முதலெழுத்து பெயருக்கு முன்னும் கூலிக்காரரின் முதலெழுத்து பெயருக்குப் பின்னும் அச்சிடப்பட்டன. சில திடல்களில் உள்ளே நுழையும் வாயில்கூட வேறு. கால்பந்தில் பிரிவு வேறு வடிவம் கொண்டது. காசு பெறுவோர் லீக்குக்குப் போயினர். எஞ்சியோருக்கு 1893-94 பருவத்தில் தனியே ஓர் அமெச்சூர் கோப்பை ஏற்படுத்தப்பட்டது.

கனவான்களின் இலட்சியம் வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1882 இல் தோன்றிய கொரிந்தியன் கழகத்தார் பெனால்டி விதியையே ஒப்பவில்லை என்பர். எதிரியை வேண்டுமென்றே தடுக்கி விழவைக்கும் மனிதர் இருப்பார் என்று எண்ணுவதே இழுக்கு என்பது அவர்கள் கருத்து. 1904 இல், முந்தைய ஆண்டு எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த பெரி அணியை அவர்கள் 10-3 என்று வென்றனர். 1910 இல் அவர்கள் பிரேசிலுக்குச் சென்று ஆடியதைக் கண்டு, சாவோ பாவ்லோ நகரில் ஒரு புதிய கழகம் அதே பெயரைச் சூடிக்கொண்டது. தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர். கனவான்களின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு தொழிலாளர் கழகம் இன்றும் அங்கே கோடிக்கணக்கானோரின் நேசத்துக்கு உரியதாக இருக்கிறது. பெயர்களுக்கு வேலி தெரிவதில்லை.

*

1911: இரண்டு ஆட்டங்கள்

டர்ஹம் மாவட்டத்தில் வெஸ்ட் ஆக்லாண்ட் என்பது நிலக்கரிச் சுரங்கத்தார் வாழ்ந்த ஊர். அதன் அமெச்சூர் அணி 1909 இல், தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டன் வழங்கிய கோப்பைக்காக இத்தாலியின் டூரின் நகருக்குச் சென்றது. ஆர்சனலுக்கு அனுப்ப வேண்டிய அழைப்பு, இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் ஒன்றாக இருந்ததால் இவர்களுக்கு வந்துவிட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும் அவர்கள் வென்றனர். 1911 இல் மீண்டும் சென்று இறுதியாட்டத்தில் யுவென்டஸ் அணியை 6-1 என்று தோற்கடித்தனர். இருமுறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே உரியதாயிற்று.

ஆனால் பயணச் செலவு கழகத்தைக் கடனில் தள்ளிவிட்டது. உள்ளூர் விடுதி நடத்திய பெண்மணியிடம் 40 பவுண்டுக்குக் கோப்பை போயிற்று. அதை 1960 இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டனர். 1994 இல் அது திருடப்பட்டது. இப்போது இருப்பது நகல். நேசத்துக்காக ஆடுவதற்கும் யாரேனும் காசு கொடுத்தாக வேண்டும் என்பதை இக்கோப்பையின் கதை சொல்கிறது.

அதே 1911 இல் ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பாகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அன்றும் சனிக்கிழமைதான். பூட்ஸ் அணிந்திருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. மற்ற பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினர். முதல் கோலை ராணுவ அணி போட்டது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்ய, அபிலாஷ் கோஷ் வெற்றிக்கான கோலைப் போட்டார். திடலுக்குள் இடம் கிடைக்காத பெருங்கூட்டத்துக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தனர் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வெற்றியை நாம் தேசியத்தின் வரலாற்றில் வைத்தே படித்துவருகிறோம். அது சரியே. கூடவே அமெச்சூர் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆளுவோர் தம் பண்பாட்டின் சிகரமாகக் கொண்டுவந்து காட்டிய இலட்சியத்தை, ஆளப்படுவோர் எடுத்துக்கொண்டு அவர்களையே வென்று காட்டினர். பதினொருவரும் காசுக்காக ஆடியவர் அல்லர். சுரங்கத் தொழிலாளியும் வங்க இளைஞரும் ஒரே ஆண்டில், கனவான்கள் தமக்கென வைத்திருந்த சொல்லின் பழைய பொருளை மீட்டெடுத்தனர் எனலாம்.

*

மூடப்பட்ட வாயில்கள்

காசு தடையாக இல்லாத இடத்திலும் தடை உண்டு. பிரெஸ்டன் நகரில் டிக், கெர் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் வெடிகுண்டுகள் செய்த பெண்கள் 1917 இல் ஓர் அணி அமைத்தனர். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 10,000 பேர் வந்தனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் கூடினர். உள்ளே இடமின்றித் திரும்பியோர் பல ஆயிரம். வசூலான தொகை அறச்செயல்களுக்கே சென்றது. அணியில் இடப்பக்கம் ஆடிய லில்லி பார் பதின்வயதிலேயே ஆண்களும் அஞ்சும் வலிமையோடு பந்தை உதைத்தவர் என்று பெயர் பெற்றார். அமெச்சூர் இலட்சியம் இதைவிடத் தூய்மையாக எங்கும் நிறைவேறியதில்லை.

1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்பது ஒரு காரணம். வசூலில் செலவுக்கென்று அதிகம் எடுக்கப்படுகிறது என்பது இன்னொன்று. போரில் குண்டு செய்ய ஏற்ற உடல் பந்து உதைக்க ஏற்றதல்ல என்று முடிவாயிற்று. பெண்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. பூங்காக்களிலும் பிற திடல்களிலும் ஆடினர். டிக், கெர் அணி 1922 இல் அமெரிக்கா சென்று ஆண்கள் அணிகளுடனும் மோதியது. ஆனால் ஐம்பதாயிரம் பேர் அமரும் இடம் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. தடை நீங்கியது 1971 இல். 2022 இல் வெம்பிளியில் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றதை 87,192 பேர் பார்த்தனர். இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே கழிந்த நூறாண்டுகளில், ஆடாமலேயே முதுமை எய்திய சிறுமியர் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.

இன்னொரு மூடிய வாயில் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாள் ஒழுக்கத்தைக் காக்க, ஞாயிறு ஆட்டத்தைச் சங்கம் நெடுங்காலம் ஏற்கவில்லை. கடைச் சிப்பந்திகளுக்குச் சனிக்கிழமைதான் வியாபார நாள்; யூதர்களுக்கு அது ஓய்வுநாள். இவர்களுக்கு எஞ்சியது ஞாயிறு மட்டுமே. சங்கத்தின் கண்ணுக்கு வெளியே ஞாயிறு அணிகள் ஆடிவந்தன. 1960 இல்தான் தடை நீங்கியது. 1964-65 இல் ஞாயிறு அணிகளுக்கென்றே ஒரு கோப்பை வந்தது.

கிழக்கு லண்டனின் ஹாக்னி சதுப்புவெளி இந்த ஞாயிறு ஆட்டத்தின் திருத்தலம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் இடிந்த வீடுகளின் கற்குவியலைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில் ஆடுகளங்கள் அமைந்தன. உச்சக்கட்டத்தில் அங்கே 120 களங்கள். ஒரே காலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அருகருகே ஆடியிருக்கின்றனர். ஒரு களத்து நடுவரின் விசில் அடுத்த களத்து ஆட்டத்தை நிறுத்திவிடும். தொப்பை விழுந்தவர், முந்தைய இரவின் மது இறங்காதவர், வலையைத் தாமே கொண்டுவந்து கட்டுபவர், ஆட்டம் முடிந்து சேறு படிந்த சட்டைகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று துவைப்பவர் என்று அங்கே கூடும் மனிதர்களை, வாரந்தோறும் கல்லூரித் திடலில் ஆசிரியர் சிலரும் அலுவலகத்தார் சிலருமாகப் பந்து உதைக்கும் நம்மால் எளிதில் அடையாளம் காண முடிகிறது. வெற்றி தோல்வியைத் திங்கள் காலைக்குள் உலகம் மறந்துவிடும், முழங்கால் மறக்காது.

1974 ஜனவரியில் நாட்டில் மின்தட்டுப்பாடு ஏற்பட்டபோது தொழில்முறை ஆட்டங்களும் முதன்முறையாக ஞாயிறன்று நடந்தன. ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் வாங்குவதை 1780 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்தது. கழகங்கள் நுழைவுச்சீட்டு விற்கவில்லை. ஆட்டக்காரர் பெயர் அச்சிட்ட தாளை அதே விலைக்கு விற்றன.

*

பூட்ஸுக்குள் காசு

அமெச்சூர் கால்பந்தின் பொற்காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. 1951 இல் வெம்பிளியில் அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தை 1,00,000 பேர் பார்த்தனர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்த பெகாசஸ் அணி, சுரங்க வட்டாரத்தின் பிஷப் ஆக்லாண்ட் அணியை 2-1 என்று வென்றது. பிஷப் ஆக்லாண்ட் தளரவில்லை; அக்கோப்பையை மொத்தம் பத்து முறை வென்ற அணி அது.

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தனர். அவர்களுள் எட்டுப் பேர் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டக்காரர்கள். ஆள் இல்லாமல் தவித்த அக்கழகத்துக்கு பிஷப் ஆக்லாண்டிலிருந்து மூவர் உதவிக்குச் சென்றனர். அவர்களுள் வாரன் பிராட்லி பள்ளி ஆசிரியர். வகுப்பெடுத்துக்கொண்டே யுனைடெட்டுக்கு ஆடினார். 1959 இல் இங்கிலாந்தின் தேசிய அணியிலும் இடம்பெற்றார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொற்காலத்துக்குள்ளேயே புழுவும் இருந்தது. கூட்டம் வந்தால் காசு வரும். காசு வந்தால் நல்ல ஆட்டக்காரரை இழுக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஊதியம் தரக்கூடாது. ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது பூட்ஸுக்குள் நோட்டுகள் கிடக்கும் என்பது ஊரறிந்த இரகசியம். தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையும் உயர்ந்ததாக இல்லை. 1901 இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று வரையறுக்கப்பட்ட உச்ச ஊதியம், 1961 இல் நீக்கப்பட்டபோது 20 பவுண்டாகத்தான் இருந்தது. கொடுக்கக்கூடாது என்றொரு பொய்யும், இதற்குமேல் கொடுக்க இயலாது என்றொரு பொய்யும் அருகருகே வாழ்ந்தன.

1974 இல் சங்கம் அமெச்சூர் என்ற பிரிவையே எடுத்துவிட்டது. அமெச்சூர் கோப்பை நின்றது. அன்றுமுதல் விதிப் புத்தகத்தில் எல்லோரும் ஆட்டக்காரர்கள் மட்டுமே. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கட்டிக்காத்த வேலி, விழுந்தபோது பெரிய ஓசை எழவில்லை.

*

ரசிகர் திடலில் இறங்கியபோது

1992 இல் பிரீமியர் லீக் பிறந்தது. தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாக வந்தது. அதற்குச் சற்று முன், 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ திடலில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் மடிந்தனர். காயத்தின் விளைவால் 2021 இல் இறந்தவரையும் சேர்த்து 97 பேர். அதன் பிறகு பெரிய திடல்கள் அனைத்தும் இருக்கைகளால் நிரப்பப்பட்டன. பாதுகாப்பு வந்தது, தேவையான ஒன்றே. கூடவே சீட்டு விலையும் ஏறியது. ஆலைச் சங்கு ஊதியதும் நடந்துவந்து நின்று பார்த்தவரின் பேரன், பல ஊர்களில் தொலைக்காட்சி முன்னே உட்கார்ந்தான்.

ரசிகருக்கு இந்த அமைப்பில் என்ன உரிமை என்ற கேள்வியை விம்பிள்டன் கழகத்தின் வரலாறு கூர்மையாக்கியது. 1889 இல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் தொடங்கி, விம்பிள்டன் பொதுவெளியில் ஆடி, அருகிலிருந்த மதுக்கடையில் உடை மாற்றிக்கொண்ட வார இறுதி அணி அது. 1963 இல் அமெச்சூர் கோப்பையை வென்றது. 1977 இல் லீக்கில் நுழைந்தது. 1988 இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் கைப்பற்றியது. இரண்டையும் வென்ற கழகங்கள் மிகச் சிலவே.

2002 மே 28 அன்று, சங்கம் அமைத்த குழு ஒன்று, இக்கழகத்தைச் சுமார் 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்த்துச் செல்ல உரிமையாளருக்கு இசைவளித்தது. ரசிகர்கள் அடிமட்டத்திலிருந்து ஒரு கழகத்தை மீண்டும் கட்டுவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அக்குழு தன் முடிவில் எழுதிவைத்தது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தனர். அடுத்த மாதமே ஆட்டக்காரர் தேர்வுக்கு அறிவிப்பு விடுத்தனர். ஆட முடியும் என்று நம்பும் எவரும் வரலாம். தேர்வு நடந்த இடம் 1889 இல் முதல் அணி ஆடிய அதே பொதுவெளி. 230 பேர் வந்தனர். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் நடந்த முதல் நட்பாட்டத்தில் புதிய அணி 4-0 என்று தோற்றது. அதைப் பார்க்க 4,657 பேர் வந்திருந்தனர். ரசிகர்களே உரிமையாளராக உள்ள அந்த ஏ.எஃப்.சி. விம்பிள்டன், ஒன்பது பருவங்களில் ஐந்து படிகள் ஏறி 2011 இல் லீக்குக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில் பழைய பிளவ் லேன் வட்டாரத்திலேயே புதிய திடலில் குடியேறியது.

ஆடுபவரும் பார்ப்பவரும் பிரிந்த கதை இங்கே தலைகீழாகிறது. ஆட்டக்காரர் தேடி ரசிகர் வந்தது பழைய முறை. இங்கே ரசிகர் முதலில் இருந்தார், அணி பின்னர் வந்தது. கழகம் என்பது உரிமம், கட்டடம், ஒப்பந்தம் ஆகியவற்றின் தொகுப்பு என்று குழு கருதியது. தொண்டை வறளக் கூவும் ஐயாயிரம் பேரே கழகம் என்று அவர்கள் கருதினர். 2021 ஏப்ரலில் ஐரோப்பியப் பெருங்கழகங்கள் தமக்கென மூடிய ஒரு சூப்பர் லீக்கை அறிவித்தபோது, ரசிகரின் எதிர்ப்பில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் சில நாட்களுக்குள் விலகின. 2025 ஜூலையில் கால்பந்துக்கெனத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. விம்பிள்டன்காரர் அன்று திடலில் நின்று சொன்னதைச் சட்டம் சொல்ல இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

*

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒரு சொல். 1960கள் தொட்டு பிரிட்டனில் ஒரு நடைமுறை இருந்துவருகிறது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் ஒளிபரப்பக்கூடாது. பெரிய கழகத்தின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால், அதே மூன்று மணிக்குத் தம் ஊர்ச் சிறிய கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்க யாரும் போகமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். ஆகவே மான்செஸ்டரில் உள்ளவருக்குக் கிடைக்காத மூன்று மணி ஆட்டம், மதுரையில் உள்ளவருக்கு இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ வீட்டிலேயே கிடைக்கிறது. திங்கள் காலை நம் வகுப்பறையில் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு கோலையும் விவரிக்கும் மாணவர்கள் இருக்கின்றனர். தம் மாவட்டத்து லீக்கில் ஆடும் அணி ஒன்றின் பெயரைக் கேட்டால் அவர்கள் திகைக்கின்றனர்.

அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல; தொலைவிலுள்ளதை நேசிப்பதும் நேசமே. ஆனால் தன் ஊர்த் திடலைக் காக்க ஒரு நாடு வகுத்துக்கொண்ட தடை அதன் கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. கடலுக்கு இப்பால் நம் ஊர்த் திடலுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. அங்கே சனிக்கிழமை மாலை ஆடுகிற பையன்களுக்குப் பார்வையாளர் என்று சொல்ல, சைக்கிளைச் சாய்த்துவைத்து நிற்கும் நான்கு பேர் இருப்பார்கள். ஐந்தாவது ஆளாகப் போய் நிற்க நுழைவுச்சீட்டு தேவையில்லை.